டேஷ்கேம்: சாலைச் சாட்சியின் வரலாறும் நாஞ்சில் நாட்டு வண்டிக்கு ஏற்ற தேர்வும்

டேஷ்கேம் என்பது காரின் முன்கண்ணாடியின் உட்புறத்தில் பொருத்தப்படும் சிறு கேமரா. வண்டி ஓடும் நேரம் முழுவதும் முன்னால் உள்ள சாலையைத் தொடர்ந்து பதிவுசெய்யும். விபத்து நேரும்போது யார் எந்தப் பக்கத்தில் வந்தார், யார் திரும்பினார், இடித்த வண்டியின் எண் என்ன என்ற கேள்விகளுக்குச் சாட்சியாக நிற்பது இதன் முதன்மைப் பயன். இன்று சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிப் பல விலைகளில் இக்கருவிகள் கிடைக்கின்றன. விளம்பரங்கள் படத் துல்லியத்தையே பெரிதாகச் சொல்கின்றன. ஆனால் சாட்சியத்தின் வரலாற்றைப் பார்த்தால், ஒரு பதிவுக்கு மதிப்பளிப்பவை வேறு மூன்று என்பது தெரியும்: எப்போது எடுக்கப்பட்டது, எங்கே எடுக்கப்பட்டது, யார் பொறுப்பில் மாறாமல் இருந்தது. இக்கட்டுரை குமரி மாவட்டம் பூதப்பாண்டியையும் அதன் சுற்றுப்புறச் சாலைகளையும் முன்வைத்து அந்த வரலாற்றையும், அதிலிருந்து கிடைக்கும் தேர்வு முறையையும் விளக்குகிறது.

பூதப்பாண்டி

பூதப்பாண்டி நாகர்கோவிலுக்கு வடக்கே, பழையாற்றின் அருகே அமைந்த பேரூராட்சி. தோவாளை வட்டத்தின் தலைமையிடம். பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப. ஜீவானந்தம் 1907இல் பிறந்த ஊர். இங்குள்ள பூதலிங்கசுவாமி கோயில் குடைவரைக் கருவறை கொண்டது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், தெற்கே நாகர்கோவில், வடக்கே அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை ரப்பர் தோட்டங்கள் எனச் சாலைகள் பிரிகின்றன. ஒருபுறம் நெல்வயல், ஒருபுறம் மலையடிவாரம் என்ற இந்த அமைப்பே இங்கு வண்டி ஓட்டுபவரின் தேவைகளைத் தீர்மானிக்கிறது.

நாஞ்சில் நாட்டில் சாட்சியம்

நடந்ததைப் பார்த்தவர் இல்லாதபோது உண்மையை எப்படி அறிவது என்பது பழைய சிக்கல். நாஞ்சில் நாட்டில் இதற்கு இருந்த கடுமையான வழி சுசீந்திரம் கோயிலில் நடந்த ‘கைமுக்கு’. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். பின்னர் கையைக் கட்டி வைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் அவர் குற்றமற்றவர். ஒழுக்கக் குற்றச்சாட்டுக்கு ஆளான நம்பூதிரிகள் இச்சோதனைக்கு அனுப்பப்பட்டனர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) காலத்தில் இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. சாட்சி இல்லாத இடத்தில் உடலையே சாட்சியாக்கிய முறை இது.

இதே நிலத்தில் இன்னொரு மரபும் இருந்தது. பூதப்பாண்டிக்கு அருகேயுள்ள அழகியபாண்டியபுரத்தில் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்தினர் பல நூற்றாண்டு ஓலை ஆவணங்களைப் பாதுகாத்து வந்தனர். ‘முதலியார் ஓலைகள்’ என அறியப்படும் இவற்றைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பார்வையிட்டுப் படியெடுத்தார். பின்னர் ஆய்வாளர் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். நிலம், வரி, அடிமை விற்பனை, ஊர்க்கூட்டம் எனப் பல செய்திகள் அவற்றில் உள்ளன.

பழைய திருவிதாங்கூர் ஓலைப் பிரமாணங்களின் அமைப்பில் ஒரு ஒழுங்கு உண்டு. கொல்லம் ஆண்டும் நாளும் தொடக்கத்தில் வரும். நிலமென்றால் எல்லை சொல்லப்படும். முடிவில் சாட்சிகளும் எழுதியவரும் குறிக்கப்படுவர். பிறகு அந்த ஓலை உரிய வீட்டில் பத்திரமாக இருக்கும். நாள், இடம், காப்பு என்ற இந்த மூன்றும் சேர்ந்தபோதுதான் எழுத்து ஆவணமாயிற்று. வண்டிக் கேமராவின் கதையிலும் இம்மூன்றே திரும்பத் திரும்ப வருகின்றன.

மோட்டார் வண்டியும் விபத்து வழக்கும்

திருவிதாங்கூர் அரசின் பேருந்துச் சேவை 1938 பிப்ரவரி 20 அன்று தொடங்கப்பட்டது. லண்டன் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய ஈ.ஜி. சால்ட்டர் அதன் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், கன்னியாகுமரிப் பக்கம் ஓடிய தடங்கள் அதன் தொடக்ககாலத் தடங்களில் அடங்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் 1914இலும் 1939இலும் மோட்டார் வண்டிச் சட்டங்கள் வந்தன. விபத்து இழப்பீட்டைத் தனியாக விசாரிக்கும் நடுவர் மன்றங்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. குமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்ததும் அதே 1956இல்தான் (நவம்பர் 1). இன்று நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்.

விபத்து வழக்கில் வழக்கமான சாட்சியங்கள் நான்கு: முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தில் காவல்துறை எழுதும் மகஜரும் வரைபடமும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, நேரில் பார்த்தவர் வாக்குமூலம். இவற்றில் முதல் மூன்றும் விபத்து முடிந்த பிறகு உருவாகின்றன. அந்தச் சில நொடிகளைப் பார்த்தது நான்காமவர் மட்டுமே. அவர் கிடைக்கவில்லை, அல்லது நீதிமன்றம் வரத் தயங்குகிறார் என்றால் மிச்சமிருப்பது ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றவர் சொல்.

இழப்பீட்டு வழக்கில் குற்றவியல் வழக்கைப்போல ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நிகழ்ந்திருக்கக்கூடியது எது என்ற நிகழ்தகவின் மேலோங்கிய பக்கமே போதும் என்று உச்ச நீதிமன்றம் பிம்லா தேவி வழக்கில் (2009) கூறியது. ஆனாலும் அதற்கு முன் ஒரு படி உள்ளது. இடித்த வண்டி எது என்று தெரிய வேண்டும்.

இடித்துவிட்டு நிற்காமல் சென்ற வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்றால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். அதற்கு முன் இத்தொகை 25,000, 12,500 ரூபாய் மட்டுமே. வண்டி அடையாளம் காணப்பட்டால் நிலைமை மாறும். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு முழு இழப்பீடு கோரலாம். இன்சூரன்ஸ் நிறுவனம் அதைச் செலுத்த வேண்டிவரும். ஒரு நம்பர் பிளேட் படிக்கப்பட்டதா இல்லையா என்பது ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டுகளை மாற்றக்கூடியது. டேஷ்கேம் வாங்குவதில் உள்ள உண்மையான பொருட்டு இதுவே.

ஓடும் வண்டியில் முதல் கேமரா

ஓடும் வண்டியின் முன்புறத்தில் கேமராவை வைத்துச் சாலையைப் படமெடுப்பது திரைப்படத்தின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. மைல்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், கேபிள் கார் எனப்படும் தெருவண்டியின் முன்புறத்திலிருந்து மார்க்கெட் தெருவைச் சுமார் 13 நிமிடம் படமாக்கினர். குதிரை வண்டிகளும் மோட்டார் கார்களும் சைக்கிள்களும் ஒன்றையொன்று உரசாமல் தப்பிச் செல்லும் காட்சி அது.

இப்படம் 1905இல் எடுக்கப்பட்டது என நீண்டகாலம் கருதப்பட்டது. திரைப்பட வரலாற்றாளர் டேவிட் கீன் படத்தில் தெரிந்த கார்களின் பதிவெண்களையும், சாலையின் ஈரத்தையும், அக்கால நாளிதழ் செய்திகளையும் ஒப்பிட்டார். 1906 ஏப்ரலில், நகரை அழித்த ஏப்ரல் 18 நிலநடுக்கத்துக்குச் சில நாள் முன்பே இது எடுக்கப்பட்டது என நிறுவினார். படம் தெளிவாக இருந்தும் நாள் பதிவாகாததால் நூறாண்டு அது தவறான ஆண்டில் இருந்தது. அதை மீட்க உதவியவற்றுள் ஒன்று நம்பர் பிளேட்.

காவல் வண்டியிலிருந்து சொந்த வண்டிக்கு

சாட்சியத்துக்காக வண்டியில் கேமரா வைப்பது அமெரிக்கக் காவல்துறையில் வளர்ந்தது. வீடியோ நாடா பரவிய 1980களில் குடித்துவிட்டு ஓட்டுவோரைப் பதிவுசெய்யக் காவல் வண்டிகளில் கேமராக்கள் வைக்கப்பட்டன. அப்போது பதிவுக் கருவி பெரியது. 1991 ஜனவரி 23 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் கேரிசன் என்ற சிற்றூரில் டாரல் லன்ஸ்ஃபோர்டு என்ற காவலர் ஒரு காரை நிறுத்திச் சோதித்தபோது கொல்லப்பட்டார். வேறு சாட்சி இல்லை. அவருடைய வண்டியிலிருந்த கேமரா முழு நிகழ்வையும் பதிவுசெய்திருந்தது. கொன்றவர்கள் அந்தப் பதிவால் தண்டிக்கப்பட்டனர். இறந்தவர் சார்பில் கருவி பேசிய இந்நிகழ்வு காவல் வண்டிக் கேமராக்கள் பரவ ஒரு காரணமாயிற்று.

பொதுமக்கள் கைக்கு இது வரத் தொழில்நுட்பம் சிறுக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் நாடாவுக்கு மாற்றாயிற்று. எஸ்டி கார்டு 1999இலும், விரல் நகம் அளவுள்ள மைக்ரோ எஸ்டி கார்டு 2005இலும் வந்தன. ஜிபிஎஸ் குறிப்பலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழை 2000 மே மாதம் நீக்கப்பட்டது. அதனால் மலிவான கருவியும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் காட்ட முடிந்தது. காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264 முறை 2003இல் வந்தது. இவை சேர்ந்து உள்ளங்கையில் அடங்கும் டேஷ்கேமை உருவாக்கின.

தென்கொரியாவிலும் ரஷ்யாவிலும் இக்கருவி மிக வேகமாகப் பரவியது. கொரியர்கள் இதை ‘பிளாக் பாக்ஸ்’ என்றே அழைக்கின்றனர். ரஷ்யாவில் பொய் விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளும், காவல்துறை மீதான அவநம்பிக்கையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் விண்கல் வெடித்தபோது, பல கார்களின் டேஷ்கேம்கள் அதைத் தற்செயலாகப் பதிவுசெய்தன. வானியலாளர்கள் அப்பதிவுகளைக் கொண்டு விண்கல் வந்த பாதையைக் கணக்கிட்டனர். ஒவ்வொரு கேமராவும் எங்கே, எந்த நொடியில் இருந்தது என்று அறிய முடிந்ததே அக்கணக்கின் அடிப்படை.

இந்தியாவில் தொடக்கத்தில் இது தனியே வாங்கிப் பொருத்தும் பொருளாகவே இருந்தது. 2022இல் ஹூண்டாய் வெனியூ என் லைன், 2023இல் ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற கார்களின் சில வகைகளில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரத் தொடங்கியது.

இந்தியச் சட்டத்தில் மின்னணுப் பதிவு

1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் தாளையும் வாய்மொழியையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 வழியாக அதில் 65பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகத் தர அதன் கருவியைப் பற்றிய சான்றிதழ் வேண்டும் என்றது அப்பிரிவு. அன்வர் எதிர் பஷீர் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்றது. அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் (2020) அதையே உறுதிப்படுத்தி ஒரு விளக்கமும் தந்தது. பதிவான அசல் கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறி முன்வைத்தால் சான்றிதழ் தேவையில்லை. நகலைத் தந்தால் தேவை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டம் நடைமுறையில் உள்ளது. இதன் 63ஆம் பிரிவு முந்தைய 65பியின் இடத்தில் நிற்கிறது. சான்றிதழ் இரண்டு பகுதிகளாக உள்ளது. ஒன்றைத் தரப்பினரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும். முறையான பொறுப்பிலிருந்து வரும் மின்னணுப் பதிவு, மறுக்கப்படாதவரை முதன்மைச் சான்று என்றும் 57ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது. அழகியபாண்டியபுரத்து வீடு ஓலைக்குச் செய்த வேலையைத்தான் சட்டம் இங்கே வண்டி உரிமையாளரிடம் எதிர்பார்க்கிறது.

நம்பர் பிளேட் கணக்கு

விளம்பரத்தில் காணும் 1080பி, 1440பி, 4கே ஆகியவை படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். படத்தின் அகலத்தில் 1080பிக்கு 1920 புள்ளிகள், 1440பிக்கு 2560, 4கேவுக்கு 3840. லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறதோ அந்த அளவுக்கு இப்புள்ளிகள் பரவிவிடும்.

கார்களின் நீளமான நம்பர் பிளேட் 500 மி.மீ. அகலம் கொண்டது. ‘டிஎன் 74’ என்று தொடங்கும் நாகர்கோவில் பதிவில் பெரும்பாலும் 10 எழுத்து, எண்கள் இருக்கும். தோராயமான கணக்கில் கீழ்க்கண்டவாறு வரும்:

- 140 பாகை அகலம் பார்க்கும் 1080பி கேமராவில், 10 மீட்டர் தொலைவில் உள்ள பிளேட் சுமார் 39 புள்ளிகள். ஓர் எழுத்துக்கு 4 புள்ளிகூட இல்லை. படிக்க முடியாது.
- அதே கேமராவில் 5 மீட்டர் தொலைவில் சுமார் 78 புள்ளிகள். நல்ல வெளிச்சத்தில் படிக்கலாம்.
- 140 பாகை 4கே கேமராவில் 10 மீட்டரில் சுமார் 78 புள்ளிகள்.
- 110 பாகை 1440பி கேமராவில் 10 மீட்டரில் சுமார் 67 புள்ளிகள்.

கடைசி இரண்டையும் ஒப்பிட்டால், அளவான அகலம் கொண்ட 1440பி கேமரா மிக அகன்ற 4கே கேமராவை நெருங்கிவிடுவது தெரியும். விலையிலோ இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கும். இருசக்கர வண்டியின் பின்பலகை 200 மி.மீ. அகலமே உடையது. அதனால் எந்தக் கேமராவுக்கும் அது கடினம்.

வேகமும் கணக்கில் சேரும். இரு வண்டிகள் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வந்தால் நொடிக்கு 33 மீட்டர் நெருங்குகின்றன. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 1.1 மீட்டர் கடந்துவிடும். பகலில் ஒவ்வொரு படமும் மிகக் குறைந்த நேரத்தில் பதிவாவதால் எழுத்து நிற்கும். இரவில் ஒளி சேர அதிக நேரம் வேண்டும். அதற்குள் எழுத்து கோடாக இழுபட்டுவிடும். எனவே ‘இரவிலும் நம்பர் பிளேட் தெரியும்’ என்ற விளம்பரத்தை நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு மட்டுமே பொருத்திக்கொள்வது நல்லது.

பூதப்பாண்டிச் சாலைகளின் தேவைகள்

ஒரே கருவி எல்லா ஊருக்கும் ஒரேபோலப் பயன்படாது. இப்பகுதியின் இயல்புகள் சில தேவைகளை முன்வைக்கின்றன.

முதலாவது வெயில். வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிப் பகுதியில் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டலாம். லித்தியம் பேட்டரி உள்ள கேமரா இவ்வெப்பத்தில் உப்பிக் கெடும். சூப்பர் கெப்பாசிட்டர் வைத்த கேமரா இதைத் தாங்கும்.

இரண்டாவது ஒளி வேறுபாடு. மாலையில் ஆரல்வாய்மொழியிலிருந்து தோவாளை வழியாக நாகர்கோவில் நோக்கி வருபவருக்கு இறங்கும் வெயில் எதிரே இருக்கும். மரநிழல் நிறைந்த தடிக்காரன்கோணம் சாலையில் நொடிக்கு நொடி நிழலும் வெயிலும் மாறும். வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் சமன்செய்யும் ‘டபிள்யூடிஆர்’ அல்லது ‘எச்டிஆர்’ வசதி இங்கே கூடுதல் புள்ளிகளைவிட அதிகம் பயன்படும்.

மூன்றாவது மழை. குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. கேமரா வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் இருக்க வேண்டும். உள்கண்ணாடிக்குப் பின்புறம், ஓட்டுநர் பார்வையை மறைக்காத இடமே பொருத்தம்.

நான்காவது இருட்டு நேரப் போக்குவரத்து. தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன்னே வண்டிகள் வரும். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களும் அதிகாலையில் கிளம்புவர். விளக்கில்லாத சைக்கிள்களும் நடந்து செல்வோரும் இருப்பர். குறைந்த ஒளியில் நன்றாகச் செயல்படும் சென்சார் இதற்குத் தேவை. சோனி நிறுவனத்தின் ‘ஸ்டார்விஸ்’ வகை இதற்கென உருவாக்கப்பட்டது.

ஐந்தாவது பின்புறம். நெரிசலான திட்டுவிளை, வடசேரி போன்ற இடங்களில் பின்னாலிருந்து உரசுவதற்கு வாய்ப்பு அதிகம். அப்படி ஓட்டுபவருக்குப் பின்கேமராவும் சேர்ந்த இரட்டைக் கேமரா பயன்தரும்.

விலைக்கேற்ற தேர்வு

பணத்தைச் செலவிட வேண்டிய வரிசை, மேலே சொன்ன நாள், இடம், காப்பு என்ற மூன்றிலிருந்து அமைகிறது.

- தாங்கும் திறன்: பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர். விபத்து நாளில் ஓடாமல் நின்றிருந்த 4கே கேமராவால் பயனில்லை.
- ஜிபிஎஸ்: இது இடத்தைக் காட்டுவதோடு நேரத்தையும் தானே திருத்தும். சூப்பர் கெப்பாசிட்டர் கேமராக்களில் சில, வண்டி பல நாள் நின்றால் கடிகாரத்தை இழந்து பழைய தேதிக்குத் திரும்பிவிடும். ஜிபிஎஸ் இல்லாத கேமராவில் வாரம் ஒருமுறை தேதியைச் சரிபார்க்க வேண்டும். தவறான தேதியுள்ள பதிவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் கேள்விக்குள்ளாக்குவார்.
- சென்சார்: 4கே படத்துக்குச் சென்சாரில் ஏறத்தாழ 80 லட்சம் புள்ளிகள் வேண்டும். குறைந்த புள்ளியுள்ள சென்சாரின் படத்தை மென்பொருளால் பெரிதாக்கி ‘4கே’ என விற்பதுண்டு. சென்சாரின் பெயரையும் அதன் இயல்பான அளவையும் பெட்டியில் அல்லது குறிப்பேட்டில் பார்த்து வாங்கவேண்டும். நேர்மையான 1080பி, பொய்யான 4கேவைவிட மேல்.
- மெமரி கார்டு: டேஷ்கேம் ஒரே கார்டில் திரும்பத் திரும்ப எழுதும். சாதாரண கார்டு விரைவில் தேயும். ‘ஹை எண்ட்யூரன்ஸ்’ என்று குறிப்பிட்ட கார்டே ஏற்றது. கேமரா விலையில் மிச்சம் பிடித்தாலும் கார்டு விலையில் பிடிக்கக் கூடாது.
- இரட்டைக் கேமரா: நகர நெரிசலில் அதிகம் ஓட்டுபவருக்கு. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு முன்கேமரா போதும்.

கார்டின் அளவையும் கணக்கிட்டு வாங்கலாம். நொடிக்கு 15 மெகாபிட் எழுதும் 1080பி கேமரா மணிக்கு சுமார் 6.75 ஜிபி எடுக்கும். 64 ஜிபி கார்டில் ஏறத்தாழ 9 மணி நேரம் இருக்கும். பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வந்து நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு ஒரு வாரத்துக்கும் மேலான பதிவு அது. நொடிக்கு 36 மெகாபிட் எழுதும் 4கே கேமராவில் அதே கார்டு 4 மணி நேரத்தில் நிறைந்து பழையதை அழிக்கத் தொடங்கும். இரட்டைக் கேமராவுக்கு இந்நேரம் இன்னும் குறையும்.

பெரிய திரை, தடம் மாறினால் எச்சரிக்கும் ஒலி, இணையச் சேமிப்புச் சந்தா ஆகியவை விலையைக் கூட்டுமேயன்றிச் சாட்சிய மதிப்பைக் கூட்டுவதில்லை. நிறுத்திய வண்டியைக் கண்காணிக்கும் வசதி வேண்டுமென்றால் வண்டி பேட்டரியிலிருந்து தனி இணைப்பு தர வேண்டும். பேட்டரி மின்னழுத்தம் குறைந்தால் தானே நின்றுவிடும் அமைப்பு அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் காலையில் வண்டி கிளம்பாது.

விபத்துக்குப் பின்

அதிர்வை உணர்ந்தால் அந்தக் கோப்பை அழியாமல் பூட்டும் ‘ஜி சென்சார்’ பெரும்பாலான கேமராக்களில் உண்டு. ஆனால் மெல்லிய உரசலையோ, முன்னால் சென்ற இருசக்கர வண்டியை வேறொருவர் இடித்ததையோ அது உணராது. வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் பதிவு சில மணி நேரத்தில் அழிந்துபோகலாம். பதிவுகள் பெரும்பாலும் இழக்கப்படுவது இவ்வாறுதான். எனவே முதலில் காயம்பட்டவருக்கு உதவி, பிறகு 108க்கும் காவல்துறைக்கும் தகவல், அடுத்து கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றுதல் என்பதே வரிசை.

கார்டைத் தனி உறையில் இட்டு நாள், நேரம், கழற்றியவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். கணினியில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அசலில் எதையும் வெட்டவோ பெயர் மாற்றவோ கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காணொளி சுருக்கப்படும். ஹாஷ் எண் மாறும். அந்த நகல் செய்தி சொல்லப் பயன்படும், சாட்சியத்துக்கு அசலே வேண்டும். காவல்துறையிடம் கார்டை ஒப்படைத்தால் எழுத்து மூலம் ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எளிய வழக்கமும் உண்டு. பெரும்பாலான டேஷ்கேம்கள் ஒலியையும் பதிவுசெய்யும். நிற்காமல் போகும் வண்டியின் எண்ணைக் கண் பிடித்த நொடியிலேயே வாய்விட்டுச் சொன்னால், படத்தில் தெரியாத எண் ஒலியில் பதிவாகிவிடும். இரவில் இது லென்ஸைவிட நம்பகமானது.

வரம்புகள்

கேமரா உரிமையாளருக்கு எதிராகவும் பேசும். ஜிபிஎஸ் பதிவு அவருடைய வேகத்தையும் காட்டும். தனக்குச் சாதகமான பகுதியை மட்டும் வெட்டித் தருபவரின் பதிவு முழுமையும் ஐயத்துக்குள்ளாகும்.

பிறர் தனியுரிமை மற்றொரு வரம்பு. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 மே 15 அன்று தந்த தீர்ப்பு இதில் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. காரணமின்றித் தொடர்ந்து பதிவுசெய்வது தரவுப் பாதுகாப்பு விதிக்கு முரணானது. ஆயினும் விபத்து வழக்கில் அப்பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது அது. பதிவு வழக்குக்கானது, வேடிக்கைக்கானது அன்று என்ற வேறுபாடு இதில் உள்ளது. விபத்தில் கிடப்பவரின் முகத்தைச் சமூக ஊடகத்தில் ஏற்றுவது சாட்சியம் ஆகாது. காருக்குள் நோக்கும் கேமராவும் ஒலிப்பதிவும் இருந்தால் பயணிகளிடம் முன்பே சொல்வது முறை.

நெய்ச் சட்டியின் முன் நிற்க வைக்கப்பட்டவருக்குத் தன் பக்கம் காட்ட எதுவும் இருக்கவில்லை. ஓலை வைத்திருந்தவருக்கு நாளும் எல்லையும் எழுதிய சான்று இருந்தது. இன்று பூதப்பாண்டியிலிருந்து கிளம்பும் ஒரு காருக்கு அந்தச் சான்றைச் சில ஆயிரம் ரூபாயில் பெற முடிகிறது. தேதி சரியாக ஓடுகிற, வெயிலில் நிற்காத, கார்டு தேயாத ஒரு நடுத்தரக் கேமராவும், விபத்து நாளில் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்தும் ஓட்டுநரும் சேர்ந்தால் அதற்குப் போதுமானது.